வெள்ளிக்கிழமை மூன்று மணி வகுப்பு

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 19 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலை வகுப்புகள் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். தொழுகை இடைவேளைக்குப் பிறகு மூன்று மணிக்கு 'வணிகத் தொடர்பு' வகுப்பு. அதில் ஒவ்வொருவரும் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த இடைவேளையில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி, மஸ்ஜிட் இந்தியா சாலைக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரு புடவை பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். கடையில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண், அம்மா மீன் குழம்பு எப்படி வைப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருடைய தாத்தா பட்டுக்கோட்டையிலிருந்து கப்பலில் வந்தவராம். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. ஐந்து மணிக்குத்தான் கிளம்பினேன். புடவை 85 ரிங்கிட்.

அன்றைக்கு வகுப்பில் பிரசென்டேஷனுக்காக ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்துவிட்டார்கள். என் பெயர் எதிலும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனேன் மேடம். கதவு வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். திரும்பிவிட்டேன். அன்று இரவு அம்மாவிடம் "கிளாஸ் நல்லா போச்சு" என்றேன். என்னை அனுப்ப அம்மா வளையலை அடகு வைத்திருக்கிறார். அறையில் கூட இருக்கும் அக்கா, ஒரு கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக் கொடுத்துவிடு, சரியாகிவிடும் என்கிறார். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? அம்மாவிடம் சொல்லவா? புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் ஞாயிறு இரவு வந்தது. வரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும் என்பதால், முன்னதாக வந்து காத்திருந்த கடிதங்களை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி உன் ஊரையும் பாடத்தையும் மாற்றியிருக்கிறேன், கவலைப்படாதே.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளின் மாணவர் பாஸ், அதாவது இங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி, அதற்கான விண்ணப்பங்கள் இ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்பு வழியாகக் குடிநுழைவுத் துறைக்குப் போகின்றன. பாஸைப் புதுப்பிக்கும்போது வருகை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், சி.ஜி.பி.ஏ. என்கிற ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே போகக் கூடாது. அது போக, பல கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக 80 சதவீதம் கேட்கின்றன. குறைந்தால் அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வை எழுத விடுவதில்லை. உன் கல்லூரியின் விதி மாணவர் கையேட்டில் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பார்.

14 வாரப் பருவத்தில் வாரம் ஒரு முறை நடக்கிற வகுப்பு என்றால் மொத்தமே 14 தான். உனக்கு இரண்டு போய்விட்டது. மிச்சம் எல்லாவற்றுக்கும் போனால் 14க்கு 12, அதாவது 85 சதவீதத்துக்கு மேல். இன்னும் ஒன்று போனால் 14க்கு 11. அது 78 சதவீதம் சொச்சம். வாரத்தில் மூன்று நாள் நடக்கிற பாடத்தில் இரண்டு நாள் போனால் கணக்கில் பெரிதாகத் தெரியாது. வாரம் ஒரு நாள் வருகிற வகுப்பு அப்படி இல்லை. வெள்ளிக்கிழமைப் பாடங்களில்தான் பிள்ளைகள் தங்களுக்கே தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மூன்று மணி நேரம் கையில் இருக்கும். ரயில் பக்கத்தில் இருக்கும். அறைக்குப் போனால் தூக்கம், பேரங்காடிக்குப் போனால் குளிர்சாதனம். திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று அந்த நேர அட்டவணையைப் போட்டவர்களுக்கும் தெரியும், என்னைப் போன்ற ஆலோசகர்களுக்கும் தெரியும். நீ இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறாய். அந்த நிம்மதியோடு மேலே படி.

எம்.சி. விஷயத்தில் ஒரே பேச்சுதான், வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறவள் காசு கொடுத்து வாங்குகிற எம்.சி. பொய்ச் சான்றிதழ். கல்லூரி அந்தக் கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால், இரண்டு நாள் வரவில்லை என்ற சின்ன விஷயம் ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். கல்லூரியிலிருந்து நீக்கினால் மாணவர் பாஸும் சேர்ந்து போகும். அந்த அக்கா உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்லியிருப்பார். கேட்டுக்கொள், செய்யாதே.

சரி, இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று முறை படித்தேன். புடவையைப் பற்றி நீ எழுதியிருப்பது விலை மட்டும்தான். என்ன நிறம், என்ன கரை, பருத்தியா பட்டா, ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்கார அம்மா கேட்டதை மட்டும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். மீன் குழம்பைக்கூட விடவில்லை. இந்த ஊருக்கு வந்த இரண்டு மாதத்தில் உன்னை 'யார் வீட்டுப் பெண்' என்று கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். கல்லூரியில் உன் பெயரையே வேறு மாதிரி உச்சரிப்பார்கள், நீயும் திருத்துவதை விட்டிருப்பாய். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் உனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. மழை விட்ட பிறகும் எழுந்திருக்க மனசு வராததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சோம்பேறியா என்று கேட்டிருக்கிறாய். சோம்பேறியாக இருந்தால் அன்று அறையில் படுத்துத் தூங்கியிருப்பாய். நீ நடுவெயிலில் ரயில் ஏறி, தெரியாத ஊரில் வழி கண்டுபிடித்து, அம்மாவுக்குப் புடவை வாங்கப் போனவள். அடுத்த வாரம் பயத்தோடு கதவு வரை போனவள். சோம்பேறிகள் கதவு வரை போவதில்லை. உனக்கு வந்திருப்பது தனிமை. அதோடு, எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மஸ்ஜிட் இந்தியா சாலைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். உணவகங்களிலும் கட்டுமான இடங்களிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு அங்கே நிற்பார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்திருப்பார்கள், அனுப்பிய பிறகும் போகாமல் நிற்பார்கள். அந்தக் கடைக்கார அம்மாவின் தாத்தா காலத்தில் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்களும் இப்படித்தான் ஊர்க்காரர் யாராவது தென்படுகிறாரா என்று தேடியிருப்பார்கள். நீ அந்த வரிசையில் வந்திருக்கிறாய்.

எனக்கும் இப்படி ஒரு மதியம் இருந்தது. நான் பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டத்தில் கிராணியார், அதாவது எழுத்தர். 1986இல் என்னைப் படிக்கச் சென்னைக்கு அனுப்பினார். தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம், என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணைப் பார்த்து "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அந்தச் சொல்லே எனக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். இப்போது நினைத்தால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வயசு அப்படி. ஆனால் தாய்மொழி பேசுகிற ஊரிலேயே பேசப் பயப்படுவது என்ன மாதிரி வேதனை என்று நீ கொஞ்சம் நினைத்துப் பார்.

ஒரு புதன்கிழமை மதியம் புள்ளியியல் வகுப்புக்குப் போகாமல் பாரிமுனைக்குப் பேருந்து ஏறினேன். கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களுக்காக 1960களின் கடைசியில் உருவான கடைவரிசை அது. வெளிநாட்டுச் சாமான்கள் கிடைக்கும். ஒரு கடையில் பச்சை நிறத்தில் ஒரு மைலோ டின் இருந்தது. தோட்டத்தில் தினமும் காலையில் அம்மா கலக்கிக் கொடுத்த அதே மைலோ. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கீழே வைக்கவே முடியவில்லை. கடைக்காரர் ரங்கூனில் பிறந்தவர். "எந்த ஊரும்மா?" என்றார். பேராக் என்றேன். "எனக்கு இந்த ஊர் பழக எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று மட்டும் சொன்னார். நான் கடை வாசலிலேயே நின்று அழுதேன்.

அந்த ஒரு புதன்கிழமையில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தப்பு அடுத்த புதன்கிழமையில் வந்தது. வகுப்பில் புதிதாக ஒரு பாடம் ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு ஒன்றும் புரியாதே என்ற பயத்தில் மறுபடியும் பஜாருக்குப் போனேன். அதற்கடுத்த புதன்கிழமையும் போனேன். அந்த வருடம் புள்ளியியலில் தோற்றேன்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. எங்கள் ஊரில் வகுப்புக்குப் போகாமல் இருப்பதற்கு மலாய்ச் சொல்லையே எடுத்துக்கொண்டு 'பொந்தேங்' என்போம், உங்கள் ஊரில் கட் அடிப்பது. முதல் பொந்தேங்குக்கு ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். காய்ச்சல், காதல், மழை, புடவை, ஏதாவது. இரண்டாவதற்கு நான் பார்த்த பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒரே காரணம்தான் இருந்தது. முதல் நாள் வராமல் போனது.

கதவிலிருந்து திரும்பியபோது உனக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார். மாடிப்படி இறங்கும்போது நெஞ்சுப் படபடப்பு குறைந்திருக்கும். 'அப்பாடா' என்று இருந்திருக்கும். அந்த 'அப்பாடா'வை உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே கதவைப் பார்த்ததும், திரும்பிப் போனால் நிம்மதி கிடைக்கும் என்று உடம்பே உனக்குச் சொல்லும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கதவு இன்னும் கொஞ்சம் கனமாகும். தைரியம் வந்த பிறகு உள்ளே போகலாம் என்று காத்திருந்தால் அது வராது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் படபடப்பு மெதுவாக இறங்கும். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ ஆகலாம். ஆனால் இறங்கும்.

அதனால் இந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி சொல்கிறேன். நீ பயப்படுவது, எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு போவதற்கு. திறந்ததும் இருபது முப்பது முகம் உன் பக்கம் திரும்பும், எங்கே உட்காருவது என்று தெரியாது. சரி, அந்த நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வோம். தொழுகை இடைவேளையில் வகுப்பறை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். நீ இரண்டு நாற்பதுக்கே போய்விடு. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார். முதல் வரிசை வேண்டாம், கடைசி வரிசையும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை மேசை மேல் வை. அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், நீ ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாய். முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு கேள்வி கேள்: "போன வாரம் என்ன பாடம் நடந்தது?" அது போதும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. நாலே வரி. இந்தப் பருவத்தில் கடந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் நான் வகுப்புக்கு வரவில்லை. அதற்குத் தகுந்த காரணம் என்னிடம் இல்லை, மன்னிக்கவும். குழு பிரிக்கும் நாளில் நான் இல்லாததால் எந்தக் குழுவிலும் என் பெயர் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வருகிறேன், நான் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அவ்வளவுதான். வயிற்றுவலி, பாட்டி இறந்துவிட்டார், ரயில் நின்றுவிட்டது என்று எதையும் சேர்க்காதே. அழுகிற கடிதமும் எழுதாதே. விரிவுரையாளர்கள் வருடா வருடம் நூற்றுக்கணக்கான சாக்குகளைப் படிக்கிறவர்கள். சாக்கே இல்லாமல் வருகிற கடிதத்தை நம்புவார்கள். எந்தக் குழுவில் போடுவது என்பது அவர் வேலை. யாருக்கோ தொந்தரவாகப் போகிறோம் என்று நீ மருக வேண்டாம்.

குழுவில் சேர்ந்ததும், மேடையில் பேசுகிற பகுதி எதுவானாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே. ஆனால் கண்டிப்பாக எடுத்துக்கொள். பேசாமல் தப்பிக்கிற வேலை கிடைத்தால் மனசு அதைத்தான் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஒரு வகைப் பொந்தேங்தான். அந்த இரண்டு நிமிடத்தையும் அறையில் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பார். உன் கூட இருக்கும் அக்காவை எதிரே உட்கார வை. எம்.சி. யோசனையைவிட அந்த உதவி உனக்குப் பெரிது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் மலாயும் சீனமும் நம் தமிழும் கலந்து ஓடும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' விழும். சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்குவதற்கு 'தாப்பாவ்', முடியும் என்பதற்கு 'போலே'. பாதி புரியாதபோது உன் ஆங்கிலம் மோசம் என்று நீ முடிவு கட்டியிருப்பாய். அது ஆங்கிலமே இல்லை என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புரியாத சொல்லை அங்கேயே கேட்டுவிடு. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்பப் பிடிக்கும். நான் பார்த்த பல நட்புகள் ஒரு 'தாப்பாவ்'வில்தான் தொடங்கியிருக்கின்றன.

அந்தச் சிரிப்புச் சத்தம் உன்னைப் பற்றியது இல்லை. நீ வாசலில் நின்றதே அவர்களுக்குத் தெரியாது. பேசிப் பழகுகிற வகுப்பில் சிரிப்பு கேட்டால், யாரோ ஒருவர் தடுமாறி, எல்லாரும் சேர்ந்து லேசாகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீ போய் உட்கார வேண்டிய வகுப்பு அப்படிப்பட்டதுதான்.

இனி அம்மா.

சொல். ஆனால் சனிக்கிழமை சொல். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொன்னால், கடல் தாண்டி எதுவும் செய்ய முடியாத ஒரு தாய் நாலைந்து ராத்திரி தூங்க மாட்டார். நீ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்து சொன்னால், தவறியதையும் திரும்பிப் போனதையும் அவர் ஒன்றாகக் கேட்பார். அப்போது எதையும் மறைக்காதே. கடை, மழை, கதவு, "கிளாஸ் நல்லா போச்சு" என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல். திட்டுவார். திட்டட்டும். அதற்குப் பிறகு சாப்பிட்டியா என்று கேட்பார்.

புள்ளியியலில் தோற்றதை நான் அப்பாவுக்கு ஏரோகிராமில் எழுதினேன். எழுதிவிட்டு ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துப் பயந்தேன். கிராணியார் சம்பளத்தில் என்னைக் கடல் தாண்டி அனுப்பியவர், என்ன எழுதப் போகிறாரோ என்று. பதில் வந்தது. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இத்தனை மாதம் ஏன் தனியாகக் கஷ்டப்பட்டாய்?" என்று கேட்டிருந்தார். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அந்த ஏரோகிராம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள் என்று உனக்கு உறுதி கொடுக்க என்னால் முடியாது. ஆனால் மீன் குழம்பைப் பற்றி யாரோ கேட்டதற்கே மகள் இப்படி உருகுகிறாள் என்றால், அந்தக் குழம்பு வைக்கிறவர் உன்னைக் கைவிடுகிறவர் இல்லை என்று நினைக்கிறேன்.

நேரத்தைக் கொஞ்சம் மாற்று. இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அம்மா வேலை முடித்து ராத்திரி பத்துக்குக் கூப்பிட்டால் உனக்குப் பன்னிரண்டரை. அந்த நேரத்தில் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும், பொய்யும் சுலபமாக வரும். இங்கே மாலை ஆறரைக்குப் பேசு. அங்கே நாலு மணி, அம்மாவும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்.

வளையலை நினைத்து மருகுகிறாய். அடகுக் கடையில் இருப்பது வளையல். அதைத் திருப்ப நீ வேலைக்குப் போக வேண்டும், அதற்கு நீ படித்து முடிக்க வேண்டும். இந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அது முழுகிப்போகாது.

புடவையைத் திருப்பிக் கொடுக்காதே. 85 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) உனக்குப் பெரிய தொகை என்று தெரியும். இந்த மாதம் வேறு எங்காவது செலவைச் சுருக்கிச் சமாளித்துக்கொள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உன் கையாலேயே அம்மாவுக்குக் கொடு. ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசுக்குள் பதில் சொல்லிக்கொள். அன்றைக்குப் பிறகு, மனசு கனத்த ராத்திரிகளில் கைபேசியில் வேறு ஏதாவது வாங்கினாயா? இப்போது வாங்கு, அப்புறம் கட்டு என்கிற வசதியெல்லாம் பிள்ளைகளின் கைபேசியில் வந்துவிட்டது. 85 வெள்ளிப் புடவையை எண்ணி எண்ணி வாங்கியவர்கள், தனிமைக்கு மருந்தாகத் தவணையில் வாங்க ஆரம்பித்து, பருவக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். இல்லை என்றால் சந்தோஷம். ஆம் என்றால் அதையும் சனிக்கிழமை அம்மாவிடம் சேர்த்துச் சொல்.

மஸ்ஜிட் இந்தியாவை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு இல்லை. அது உனக்கு வேண்டும். நாளை மட்டும் மாற்றிக்கொள். சனிக்கிழமை மாலை போ. பக்கத்திலேயே துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் இரவுச் சந்தை போடுவார்கள், தெருவே கலகலவென்று இருக்கும். அந்தக் கடைக்கார அம்மாவைப் பார்த்து, அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல்தான் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல். இந்த ஊர்ப் பெரியம்மாக்களை எனக்குத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து நீ வகுப்புக்குப் போனாயா என்று கேட்க ஒருவர் கிடைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்ததும் நேரே அறைக்குப் போய்ப் படுத்துவிடாதே. பசார் செனி நிலையத்தில் இறங்கினால் மகா மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான். 1873இல் தோன்றிய கோயில். தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் கூட்டமும் பூ வாசனையும் தமிழும் நிறைந்திருக்கும். கோயிலுக்குப் போகும் பழக்கம் இல்லையென்றால் பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடு. மூன்று மணிக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கிற இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் உனக்குப் பிடித்த ஒன்று காத்திருக்கட்டும்.

கடைசியாக, உன் கல்லூரியில் ஆலோசகர் இருப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவரிடம் போகப் பயப்படுகிறார்கள், வீட்டுக்குச் சொல்லிவிடுவார், பாஸ் போய்விடும் என்று. மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், நீ சொல்வதை ரகசியமாகக் காக்கும் கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால்தான் வேறு. இந்த வெள்ளிக்கிழமையும் கதவு திறக்கவில்லை என்றால், அன்று மாலையே அவர் அறைக்குப் போ. ராத்திரியில் தாங்க முடியாத அளவுக்கு மனசு கனத்தால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

கையேட்டை இன்று பார். மின்னஞ்சலை இன்று அனுப்பு. அப்புறம், இந்த ஊரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பதுக்கு நீ வகுப்பில் இருக்க வேண்டும். குடை ஒன்றை இப்போதே பையில் போட்டு வை.